தங்கை சாப்பிட்ட கோழித்துண்டு

சென்ற ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபத்தில் என் தங்கைக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. நலங்கு வைக்கும் முறை என்னுடையது. கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளையும் சந்தனத்தையும் அள்ளி அவளுடைய கன்னத்திலும் கைகளிலும் தடவிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த என் கைப்பேசி அதிர்ந்தது. விட்டுவிட்டேன். மறுபடியும் அதிர்ந்தது. நிற்கவில்லை. விருந்துக்கு வழி கேட்டு யாரோ உறவினர்தான் தொல்லை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே வெளியே போய் எடுத்தேன்.

பேசியது என்னோடு வேலை செய்யும் சீனத் தோழி. சாலாக் செலாத்தானில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள். தமிழும் மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து அவள் பேசினால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

"யூ அந்த சிக்கன் ஸ்லைஸ் வீட்டுக்கு வாங்கிட்டுப் போன இல்ல? அத யாரும் சாப்பிடக்கூடாது. தூக்கிப் போடாத, எடுத்து வை. ஆனா சாப்பிடாத."

நாங்கள் இருவரும் தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள ஒரு உணவுத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறோம். வேகவைத்த கோழி இறைச்சியை மெல்லிய துண்டுகளாகச் சீவி, காற்றை உறிஞ்சி, பாக்கெட்டில் அடைத்துக் குளிரில் வைத்து விற்கும் தொழிற்சாலை. ஒவ்வொரு தயாரிப்பிலும் சில பாக்கெட்டுகளை எடுத்து வைத்து, அவை எப்போது, எதனால் கெடுகின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. நான் வாங்கிய அதே தயாரிப்பில் எடுத்து வைத்திருந்த பாக்கெட்டுகள் காலாவதி நாள் வருவதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தன. உள்ளே பால் கலந்தது போல வெண்மையாக நீர் கட்டி, புளித்த வாடை. அது கூடப் பரவாயில்லை. இறைச்சி சீவும் இயந்திரத்தைத் துடைத்து எடுத்த மாதிரியில், முதல்கட்டச் சோதனை லிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று காட்டுகிறதாம்.

லிஸ்டீரியா என்ற பெயர் பலருக்குப் புதிதாக இருக்கும். அது ஒரு கிருமி. பெரும்பாலான கிருமிகள் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும்; இது குளிர்பெட்டிக்குள்ளும் சாவகாசமாக வளரும். நன்றாகச் சூடாக்கினால் செத்துவிடும். நம்மைப் போன்றவர்கள் தெரியாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் வயிற்றைக் கலக்குவதோடு போய்விடும். கர்ப்பிணிகளுக்கு அப்படி இல்லை. தாய்க்கு லேசாகக் காய்ச்சல் வரும், அவ்வளவுதான். ஆனால் கிருமி உள்ளே இருக்கும் குழந்தையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று பயிற்சி வகுப்புகளில் நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

அந்தக் கோழியை நான் வாங்கியது தங்கைக்காகத்தான். மசக்கைக் காலம் முடிந்தும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. உங்கள் தொழிற்சாலைக் கோழிதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கர்ப்பிணிக்கு அது வேண்டாம் என்று நான் தட்டிக் கழித்தேன். எங்கள் சித்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுக் கேக்குறா. குடுக்கலன்னா பொறக்குற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும். படிச்சவன்னு நீ ரொம்பத்தான் பண்ற லா" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, மறுநாளே ஊழியர்களுக்கான விற்பனையில் வாங்கியும் வந்தேன். காதில் சீழ் வடியும் என்று நம்பி அல்ல. எதற்கு வம்பு என்றுதான். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்காமல் போன வீடு அது. அந்த வீட்டில் எதை மறுக்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. நன்றாக வறுத்துச் சாப்பிடு, அப்படியே தின்னாதே என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தேன். தலையை ஆட்டினாள்.

கைப்பேசியை மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தேன். அடுத்து வளையல் அடுக்க வேண்டும். தங்கை பட்டுப் புடவையில், இரு கன்னத்திலும் மஞ்சள் மின்ன, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக் குனிந்து, சாதாரணமாகக் கேட்பது போல, அந்தக் கோழியைச் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அவள் குறும்பாகச் சிரித்தாள். "திட்டாதக்கா. வறுக்கவே இல்ல. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து அப்படியே ஜில்லுனு சாப்ட்டேன். என்னா ருசி தெரியுமா! நேத்து பிரிச்ச பாக்கெட்டு மட்டும் கொஞ்சம் புளிப்பா இருந்துச்சு. பாதிதான் சாப்ட்டேன்."

என் கையிலிருந்த கண்ணாடி வளையல் அழுத்தம் தாங்காமல் படக்கென்று உடைந்தது. சுற்றி நின்ற பெண்கள் உடைந்த துண்டுகளையே பார்த்தார்கள். வளைகாப்பில் வளையல் உடைவதை யாரும் நல்லதாக நினைப்பதில்லை. சித்தி மட்டும் சுதாரித்துக்கொண்டு, திருஷ்டி கழிந்தது, அடுத்ததைப் போடு என்றார். நான் அடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்ததையும் போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் தங்கையின் கணவரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். பந்தியில் இருந்த தங்கையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, அவகிட்ட இப்ப சொல்லிராதீங்க. போன தடவையே அவ எப்படி ஆனான்னு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

ரத்த அழுத்தம் பார்க்கலாம் என்று ஏதோ சாக்குச் சொல்லி, அவர் அவளைப் பக்கத்திலேயே இருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனார். காய்ச்சல் இல்லை, குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாராம் மருத்துவர். ஆனால் இது வாரக்கணக்கில் பதுங்கியிருந்தும் வெளிப்படலாம். சாப்பிட்ட பாக்கெட்டில் இருந்தது என்ன கிருமி என்று தெரிந்தால் மருந்தைத் தொடங்குவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். வழக்கமான சோதனையில் அதைக் கண்டுபிடிக்க நாட்கள் ஆகும். என்னால் ஒரு பகலைக் கூடத் தாங்க முடியும் என்று தோன்றவில்லை.

எங்கள் கூடத்தில் வேறொரு வழி இருந்தது. ராமன் ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்று ஒரு முறை. நுண்ணோக்கியின் வழியாக ஒரு கிருமியின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். பட்டுத் திரும்பும் ஒளியில் துளியூண்டு மட்டும் நிறம் மாறி வரும். அந்த மாற்றம் ஒவ்வொரு கிருமிக்கும் ஒவ்வொரு விதம். அதைக் கணினி ஏற்ற இறக்கமான ஒரு கோடாக வரைந்து, தன்னிடம் சேர்த்து வைத்துள்ள கோடுகளோடு ஒப்பிட்டுக் கிருமியின் பெயரைச் சொல்லும். கெட்டுப்போன இறைச்சியில் எந்தக் கிருமி புகுந்தது என்று சீக்கிரம் தெரிந்துகொள்ளத்தான் அந்த இயந்திரத்தை வாங்கியிருந்தார்கள். ராமன் என்ற பெயரைக் கேட்டால் தன் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது என்று சொல்லி, தோழி அந்த இயந்திரத்தை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள்.

தங்கையின் கணவரிடம் சாவி வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். குளிர்பெட்டியின் மேல்தட்டில் அந்தப் பாக்கெட் இருந்தது. வாயை மடித்து, துணி காயப்போடும் கிளிப் மாட்டி வைத்திருந்தாள். திறந்தேன். தெரிந்த வாடை. அதை ஐஸ்கட்டிகளோடு ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, பட்டுப் புடவையோடு காரில் ஏறினேன். வழியெல்லாம் மழை. முன்னால் போன லோரி தெறிக்கவிட்ட தண்ணீரில் கண்ணாடி மறைந்தபோதும் வேகத்தைக் குறைக்க மனம் வரவில்லை. கிள்ளானில் என் வீட்டுக்குத் திரும்பும் சாலையைக் கடக்கும்போது, வேண்டாத தெய்வம் பாக்கி இல்லை. இந்தக் குழந்தையையாவது விட்டுவிடு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

தோழி கதவருகே காத்திருந்தாள். என் கோலத்தைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்துவிட்டாள். நான் புடவைக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டினேன். அவசரமாகக் கையுறைகளை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பாக்கெட்டில் கட்டியிருந்த வெண்ணீரை எடுத்துக் குழாயிலிட்டுச் சுழற்றி, அடியில் தங்கிய கிருமிகளைக் கழுவி, ஒரு சொட்டைக் கண்ணாடி வில்லையில் வைத்து உலர்த்தி, இயந்திரத்தின் அடியில் வைத்தேன். எத்தனையோ முறை செய்த வேலை. அன்று ஒவ்வொன்றுக்கும் கை பின்னியது.

பச்சை ஒளி பாய்ந்தது. திரையில் கோடு எழுந்தது. வழக்கமாக அதில் கூர்கூராக முனைகள் தெரியும். அன்று ஒரு பெரிய மேடு போல உப்பி எழுந்து, அதன் மேல் எங்கோ சில சிறிய சொரசொரப்புகள் மட்டும் தெரிந்தன. கணினி அந்த மேட்டைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை ஒப்பிட்டு, பட்டியலின் முதல் வரியில் பெயரைக் காட்டியது.

லிஸ்டீரியா.

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். தங்கைக்கு முதல் முறை கரு கலைந்தபோது மருத்துவமனையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது கண்முன் வந்தது. நான் வாங்கிக் கொடுத்த கோழி. நான் என் கையால் கொடுத்தது. தங்கையின் கணவரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். எண்ணைத் தேடக் கண் தெரியவில்லை, அவ்வளவு அழுகை.

தோழி என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கினாள். "ஸ்கோர் பாத்தியா? பேர் மட்டும் பாக்குற. ஸ்கோர் பாரு லா."

பார்த்தேன். அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே பொருத்தம் எவ்வளவு என்றும் காட்டியிருந்தது. மிகவும் குறைவு. நம்பவே கூடாத அளவுக்குக் குறைவு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லும் பாடம் அது: இந்த இயந்திரத்துக்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாது, எதைக் கொடுத்தாலும் தன்னிடம் உள்ளவற்றில் கிட்டத்தட்ட ஒன்றைச் சொல்லிவிடும். அன்று அந்தப் பாடம் என் நினைவிலேயே இல்லை. காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரே பெயரைத் திரையில் கண்டதும், அதற்குமேல் கண் நகரவில்லை.

தோழி திரையிலிருந்த மேட்டையே முறைத்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் கன்னத்தில் யாரோ பாசத்தோடு தடவிவிட்ட நலங்கு மஞ்சள் அப்படியே இருந்தது.

"கை காட்டு" என்றாள்.

காட்டினேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, சுத்தம் சரிபார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கை என் கைகளின் மேல் பிடித்தாள். கையுறையின் விரல்நுனிகள் மஞ்சளாக ஒளிர்ந்தன. வில்லையின் ஓரம் ஒளிர்ந்தது. குழாயின் மூடி, கோட்டின் பொத்தான், நான் தொட்ட எல்லாமே ஒளிர்ந்தன.

"குன்யிட்!" என்று கத்தினாள். "மஞ்சள் லா! யூ அங்கிளுக்கே நலங்கு வச்சிட்ட!"

மஞ்சள் பட்ட விரல்களால் கையுறையை இழுத்து மாட்டும்போது அதன் வெளிப்புறமெல்லாம் மஞ்சளாகியிருக்கிறது. அங்கிருந்து குழாய், குழாயிலிருந்து வில்லை. பச்சை லேசர் பட்டால் மஞ்சள் பிரகாசமாக ஒளிரும். அந்த வெளிச்சத்தில் கிருமியின் மெல்லிய குரல் அமுங்கிப்போயிருக்கிறது. இயந்திரம் படித்தது கோழியிலிருந்த கிருமியை அல்ல. என் தங்கையின் வளைகாப்பு மஞ்சளை.

சோப்புப் போட்டுத் தேய்த்தேன், ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் அத்தனை எளிதில் போகுமா? தோழி என்னைத் தள்ளி நிறுத்தினாள். "யூ தொடாத. அங்க போய் உக்காரு. நான் செய்றேன்."

அதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும் விடக் கொடுமை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறொருத்தி செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவள் மேசையைத் துடைத்தாள். பாக்கெட்டின் அடியில் நான் தொடாத துண்டிலிருந்து புதிதாக எடுத்தாள். கழுவினாள், மறுபடியும் கழுவினாள். சீவும் இயந்திரத்தின் மாதிரியிலிருந்து தட்டில் வளர்ந்திருந்த கிருமிகளையும் தனி வில்லையில் வைத்தாள். கொஞ்சம் சீக்கிரம் என்று கெஞ்ச வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று நானே காட்டியிருந்தேனே.

மறுபடியும் பச்சை ஒளி. இந்த முறை மேடு இல்லை. கோடு தாழ்வாக வந்து, கூர்கூராக முனைகள் எழுந்தன. நான் எழுந்து போய் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் இடம் மாற்றி மாற்றி வெவ்வேறு கிருமிகளின் மேல் ஒளியைப் பாய்ச்ச விசையைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் என் தோளைத் தட்டினாள்.

திரையில் எல்லா வரியிலும் ஒரே பெயர். ப்ரோகோத்ரிக்ஸ். பொருத்தமும் உயர்வாக இருந்தது. சொல்லப்போனால் அது லிஸ்டீரியாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி, அதே குடும்பம். முதல்கட்டச் சோதனை சந்தேகப்பட்டதற்கும் அந்தச் சொந்தமே காரணமாக இருக்கலாம் என்றாள் தோழி. ஆனால் குணம் வேறு. இறைச்சியைப் புளிக்கவைக்கும், நாறவைக்கும், எங்கள் தொழிற்சாலைக்கு நஷ்டம் வைக்கும். மனிதர்களுக்கு நோய் தருவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை அது தேடிப் போவதில்லை.

தோழியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளுடைய வெள்ளைக் கோட்டிலும் என் கன்னத்து மஞ்சள் ஒட்டிக்கொண்டது. எங்கள் இயந்திரம் சொல்வது மட்டும் போதாது என்பதால், மாதிரிகளை வெளியே வேறொரு கூடத்துக்கும் அனுப்பினோம். அந்த முடிவு வரும்வரை தங்கை இருமினால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடிவு வந்தது, லிஸ்டீரியா இல்லை என்று. அந்தத் தயாரிப்பு முழுவதையும் தொழிற்சாலை அழித்துவிட்டது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அதற்கு முன்பே, அன்று மாலையே நடந்தது. கூடத்திலிருந்து தங்கையின் கணவரை அழைத்து, பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அதற்குள் யாரோ அவரிடமிருந்து கைப்பேசியை வாங்கினார்கள். வளையல் சத்தம் கேட்டது.

"என்னக்கா, ஒண்ணும் இல்லியே?" என்றாள் தங்கை.

உனக்கு யார் சொன்னது என்றேன்.

"யாரும் சொல்லல. நீ போன் பேசிட்டு உள்ள வந்தப்பவே உன் முகம் சரியில்ல. கோழிய சாப்ட்டியான்னு கேட்ட. வளையல் ஒடஞ்சிச்சு. இவரு என்னமோ பிரஷர் பாக்கணும்னு இழுத்துட்டுப் போறாரு. எனக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீ அழுதுருவ. அழுதுகிட்டே கார் ஓட்டுவ. அதான் கேக்கல." பிறகு சொன்னாள்: "மத்தியானத்துலேருந்து வளையலை வயித்துகிட்ட வச்சு ஆட்டிக்கிட்டே இருக்கேன். சத்தம் கேட்டா உள்ளேருந்து உதைக்குது. அது உதைக்கிறவரைக்கும் பயமில்லைன்னு உக்காந்திருந்தேன். இன்னும் நிறுத்தலக்கா, கேளு."

கைப்பேசியை வயிற்றருகே கொண்டுபோனாள் போலிருக்கிறது. கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தோழிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு பேரும் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று கேட்டோம்.

குழந்தை பிறந்து இப்போது தவழ்கிறான். காதில் சீழ் வடியவில்லை. ஆசைப்பட்டதைக் கொடுத்ததால்தான் என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறார், நானும் மறுப்பதில்லை. தங்கையை எல்லோரும் பயந்த சுபாவம் என்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போதும் வேலையில் ஏதாவது ஒரு பெயர் திரையில் வந்து என்னைப் பயமுறுத்தும்போது, முதலில் என் விரல்நுனிகளைப் பார்க்கிறேன், பிறகு பக்கத்திலிருக்கும் எண்ணைப் பார்க்கிறேன். அப்படியும் நெஞ்சு அடங்காவிட்டால், என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் பயத்தை மறைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுக்க வளையலை ஆட்டிக்கொண்டிருந்தவளை நினைத்துக்கொள்கிறேன்.